பெயரும் சார்பும்

திருவில்லிபுத்தூருக்கு வடபால், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை அடுத்து, வத்திராயிருப்பு என்னும் ஊருக்கு அணித்தாகப் புதுப்பட்டி என்றோர் ஊர் உளது. புதுப்பட்டி என்னும் பெயருடைய ஊர்கள் தமிழகத்துப் பலவாகலின், இதனைப் பிறவற்றினின்றும் வேறுபிரித்தறிதற்பொருட்டு அயலூர்ப் பெயரின் முதலெழுத்து முன்வைக்கப்பட்டு, 'வ. புதுப்பட்டி' என எழுதப்படுவதாயிற்று. வத்திராயிருப்பினை ஆங்கிலேயர் 'வாட்ராப்' எனச் சுருக்கி எழுதியவாற்றால், ஆங்கிலத்தில் அம்முதலெழுத்து 'டபிள்யூ' ஆகிப் பேச்சிலும் 'டபிள்யூ புதுப்பட்டி' எனப் புகுந்துவிட்டது. ஓரூர்க்கே எழுத்தில் ஒரு வடிவும் பேச்சில் ஒரு வடிவும் இருத்தலை ஈண்டுக் காண்க.

ஊர்க்கு இஃதாயின், அவ்வூர் மக்கட்கோ வடிவங்கள் இன்னும் பல. சதுரகிரியில் எழுந்தருளியிருக்கும் சுந்தரமகாலிங்கப் பெருமான் திருநாமத்தை மக்கட்கு இடுதல் அப்பக்கத்தில் உண்டு. அத்திருநாமம் பெற்ற ஒருவன் தொட்டிலிலே முழுப்பெயர் பெற்று, தாய் வாயிற் 'சுந்தரம்' ஆகி, தோழர்பால் 'மகாலிங்கம்' ஆகி, அலுவலகத்தில் இரண்டெழுத்தும் ஒரு துண்டுமாய்க் குறுகி, ஆதார் அட்டையில் ஒருவாறும் கடவுச்சீட்டிற் பிறிதொருவாறும் எழுதப்பட்டு, அவ்விரண்டும் ஒருவனையே குறிக்குமென்று சான்று காட்ட அலைவதும் உண்டு. கோயிலில் அருச்சனைக்கு நிற்குங்கால், குருக்கள் பெயர் வினவியவழி, எதனைச் சொல்வதென்று ஒரு கணம் தயங்குவாருமுளர்.

இவ்வடிவங்களுள் எது எவ்விடத்துக் கொள்ளற்பாலது, அதனைத் தெரிந்துகொள்ளும் அளவுகோல் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இதன்கண் இக்காலத்து இரு கொள்கைகள் பெருவழக்காய் உள்ளன. பெயர் அவரவர் உடைமை, விரும்பியவாறு வைத்துக்கொள்ளவும் குறைக்கவும் மாற்றவும் அமையும் என்பது ஒன்று. பெயர் என்பது அதன் பொருளே, பொருள் கெடாதவழி எம்மொழியிற் பெயர்த்தாலும் பெயர் அதுவே என்பது மற்றொன்று. முன்னையது எளிதின் மறுக்கப்படும். பின்னையது கற்றோர் பலரையும் ஈர்த்த கொள்கையாதலின் பொறுமையோடு ஆராயற்பாற்று.

சைவசித்தாந்தத்தில் உயிர்க்குச் சிறப்பியல்பாகக் கூறப்படுவது சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கு அடுத்த நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் மலத்தைச் சார்ந்தவழி மலமாயும் சிவத்தைச் சார்ந்தவழிச் சிவமாயும் நிற்கும். இறைவனுக்கோ தனக்கென ஒரு நாமமும் இல்லை. அன்பர்கள் ஆயிரந் திருநாமம் இட்டு அழைக்கின்றனர் என்பது திருத்தெள்ளேணத்திற் போந்த கருத்து. நாமமில்லாத முதல்வனுக்கு நாமந் தருவது அடியாரது அன்பு. நாமமுடைய உயிர்க்கு அந்நாமத்தைத் தருவது அது பற்றிநின்ற சார்பு. ஆகவே ஒருவன் தன் பெயரின் எவ்வடிவத்தைக் கொள்கின்றான் என்பது அவன் எதனைச் சார்ந்து நிற்கின்றான் என்பதற்கு அறிகுறியாகும். இது வெறும் உரைநயமோ, அன்றிச் சான்றோர் ஒழுக்கத்திற் காணப்படுவதோ எனின், திருமுறைகளை நோக்குக.

திருஞானசம்பந்த மூர்த்திகள் பதிகங்களின் ஈற்றில் நிற்கும் திருப்பாட்டுத் திருக்கடைக்காப்பு எனப்படும். பாடியவர் பெயரும், ஊரும், பாடினார் பெறும் பயனும் அதன்கண் அமையும். அங்கே அவர் தம்மை ஞானசம்பந்தன் என்பர், சம்பந்தன் என்பர், தமிழ்ஞானசம்பந்தன் என்பர், கவுணியன் எனக் குடிப்பெயராற் கூறுவர், தமிழ்விரகன் என்றும் கூறுவர். ஊர்ப்பெயரும் அவ்வாறே வேறுபடும். சீகாழிக்குப் பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் எனப் பன்னிரு திருப்பெயர்கள் உள. ஒரு பதிகத்திற் புகலிவேந்தராய் நிற்பவர் மற்றொன்றிற் காழியராய் நிற்பர். பன்னிரண்டனையும் ஒருங்கு வைத்துப் பாடிய பதிகங்களும் உண்டு.

இவ்வேறுபாடெல்லாம் எதுகை மோனை நோக்கியதேயன்றிப் பிறிதொன்றன்று எனச் சிலர் கூறுப. அக்கூற்றில் ஒருபாதி மெய்யே. யாப்பு இடங்கொடாதவழி எப்பெயரும் பாட்டினுட் புகாது. ஆயினும் யாப்புப் பலவற்றுள் ஒன்றைத் தெரிந்து கொள்ளுமேயன்றி அவற்றைப் படைத்துத் தராது. பன்னிரு பெயரும் தோன்றியவாறு யாங்ஙனமெனின், பிரமன் வழிபட்டமையிற் பிரமபுரம், இந்திரன் மூங்கிலாய் நின்று வழிபட்டமையின் வேணுபுரம், ஊழியிலே தோணியாய் மிதந்தமையிற் றோணிபுரம், தலையளவாய் நின்ற இராகு பூசித்தமையிற் சிரபுரம் எனப் புராணங் கூறும். ஒவ்வொரு பெயரும் ஒருவர் வந்து சார்ந்து உய்ந்த வரலாறே என்க. பிள்ளையார் தம் ஊரை எப்பெயராற் சொல்லினும், அவருள் ஒருவரோடு உடன் நின்று சொல்லுகின்றார்.

அவர்தம் திருப்பெயரோ இன்னும் வியப்புடையது. பெற்றோர் தொட்டிலில் இட்ட பெயர் இன்னதென்று சேக்கிழார் பெருமான் எடுத்துரைத்திலர். பொற்கிண்ணத்துத் திருமுலைப்பாலோடு சிவஞானங் குழைத்தூட்டப்பெற்றமையாற் சிவஞானசம்பந்தர் ஆயினார் என்பதே வரலாறு. அவ்வமயத்து எழுந்த முதற்பதிகத்தின் கடைக்காப்பிலேயே அப்பெயர் உளது. உலகத்தார் ஒருவரும் அங்ஙனம் அழைத்தறியாத அந்நொடியில், பிள்ளை தன்னை அப்பெயராற் கூறிக்கொண்டதெனின், அப்பெயர் விரும்பித் தேடிக்கொண்டதோ, பெற்றதோ என்பது விளங்கும்.

சுந்தரமூர்த்திகள் பெயர்ச்செய்தி வழக்குமன்றத்திலே தொடங்குகின்றது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் முதிய அந்தணராய் வந்த இறைவர் காட்டிய அடிமையோலையில் எழுதப்பட்டிருந்த பெயர் ஆரூரன் என்பது. அது நம்பிகளின் பாட்டனார் பெயர். அப்பெயரே பேரனுக்கும் இடப்பட்டிருந்தது. சபையார் பாட்டனார் எழுதிய பிறிதோர் ஓலையைக் கொணர்ந்து எழுத்தொப்பு நோக்கித் துணிந்தனர். தம்மை அடிமையாக்கிய ஓலையில் நின்ற பெயரை நம்பிகள் பின்னர் வெறுத்தொதுக்கினாரல்லர். பதிகந்தோறும் ஊரன், ஆரூரன், நாவலாரூரன் என அதனையே எழுதி, ஓலைக்குத் தாமும் கையொப்பமிட்டுக்கொண்டே சென்றனர் என்னலாம். வழக்கின்கண் வன்மை பேசியமையால் இறைவர் தந்த வன்றொண்டன் என்னும் பெயரையும் அவ்வாறே ஏற்றனர். உலகம் இன்று பெரிதும் வழங்கும் சுந்தரர் என்பது அழகு பற்றியது; அவர் கடைக்காப்பிற் பெரிதும் கைக்கொண்டது அடிமை பற்றியது.

இன்னுமொன்று. நாட்டியத்தான்குடிக் கோட்புலியார் தம் மகளிர் சிங்கடியார், வனப்பகையார் இருவரையும் அடிமையாகக் கொண்டருளுமாறு வேண்டியபோது, நம்பிகள் அவர்களைத் தம் மக்களாகவே ஏற்று, அன்றுமுதற் சிங்கடியப்பன், வனப்பகையப்பன் என்னும் பெயர்களையும் பதிகத்தில் அமைத்தனர். பிள்ளைகள் தந்தை பெயரைத் தாங்குதல் உலகியல். தந்தை, அதுவும் வளர்ப்பென்றும் சொல்லமுடியாத, ஒரு வாய்ச்சொல்லால் ஆய தந்தை, பிள்ளைகள் பெயரைத் தாங்கிநின்றது அருளியல். இக்காலத்துத் 'தலைப்பெழுத்து' எனப்படும் முன்னெழுத்தின் முறையை இது தலைகீழாக்கிவிட்டது.

இனி, வ. புதுப்பட்டிக்கு அயலதாகிய திருவில்லிபுத்தூரையே நோக்கின், இவ்வாராய்ச்சிக்குரிய இருவர் அவ்வூரிற் கிடைக்கின்றனர். ஒருவர் வைணவ உலகம் போற்றும் கோதையார். அவர் தம் பாடலின் ஈற்றில் தம்மைக் கோதை என்பர்; அதுவும் தனித்தன்று, பட்டர்பிரான் எனவும் விட்டுசித்தன் எனவும் தந்தையார் பெயரையும், வில்லிபுத்தூர் அல்லது அதன் மரூஉவாகிய புதுவை என்னும் ஊர்ப்பெயரையும் சார்த்தியே பெரும்பாலும் கூறுவர். ஆண்டாள் என்பது பின்னோர் இட்ட பெயர். தம்மை ஆண்டாள் எனத் தாமே கூறிக்கொள்ளல் ஒல்லுமோ? சமயம் வேறாயினும், பெயரைத் தனியே நிறுத்தாமை ஒன்றாகவே இருத்தல் நோக்கத்தக்கது.

மற்றொருவர் சைவ உலகிற்குப் பெருங்கொடையாக அவ்வூர் தந்த குருஞானசம்பந்தர். 16-ஆம் நூற்றாண்டிற் கார்காத்த வேளாளர் குடியிற் சுப்பிரமணிய பிள்ளைக்கும் மீனாட்சியம்மைக்கும் மகனாராய்த் திருவில்லிபுத்தூரிற் பிறந்து, மதுரைச் சொக்கநாதர் திருமுன் அன்புமீதூர்ந்து, திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசரைக் குருவாக அடைந்து, தருமபுர ஆதீனத்தை நிறுவியருளியவர் இவர். சிவபோகசாரம், முத்திநிச்சயம், சொக்கநாத வெண்பா முதலியன இவர் அருளிய நூல்கள். குருவின் முன் பந்தம் பிடித்துச் சென்றவர், 'நிற்க' என்றருளிய ஒரு சொல்லிற்காக, இரவு முழுதும் பெய்த மழையில் நின்றவாறே நின்றார் எனவும், கைப்பந்தம் அணையாதிருந்தது எனவும் ஆதீன வரலாறு கூறும்.

இவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் ஞானசம்பந்தர் என்பதே. காழிப்பிள்ளையார் திருப்பெயரை இட்டமையால், அப்பெயர் ஏற்கெனவே ஒருவருடையது; இவர் அதனைத் தாங்கியவர். ஆசாரிய நிலை எய்தியவழியும் அது மாற்றப்பட்டிலது. 'குரு' என்னும் ஒரு சொல் மட்டும் முன்வந்து நின்றது. புதுப்பட்டிக்கு முன்னெழுத்தை அயலூர் தந்தது. இவர்க்கு முன்மொழியைக் குருமரபு தந்தது. அதன்பின் நிகழ்ந்ததே பெரிதும் உன்னற்பாலது. அவ்வாதீனத்துப் பட்டத்தில் எழுந்தருளுவோர் திருநாமத்தில் ஞானசம்பந்தர் என்பது நீங்காது நிற்பதாயிற்று. 26-ஆம் பட்டத்தில் 1971 முதல் 2019 வரை எழுந்தருளியிருந்தவர் சண்முகதேசிக ஞானசம்பந்த பரமாசாரிய சுவாமிகள். அடுத்து 27-ஆம் பட்டத்தில் எழுந்தருளியவர் மாசிலாமணி தேசிக ஞானசம்பந்த பரமாசாரிய சுவாமிகள். திருவில்லிபுத்தூர்க் குழந்தை ஒன்றற்கு இட்ட பெயர் ஒரு பரம்பரை முழுமைக்கும் உரியதாயிற்று. பட்டத்துக்கு வருவோர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப்பெயர் தெரிந்துகொள்ளப் புகுந்திருப்பின், இத்தொடர்ச்சியைச் செவியாற் கேட்டறிதல் கூடுமோ?

அற்றேல், பலர்க்கு ஒரு பெயர் வழங்குதலால் வரலாறு எழுதுவார்க்கு மயக்கம் விளையாதோ எனின், விளையும். திருவாவடுதுறை மரபில் அம்பலவாண தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என்னும் திருநாமங்கள் மீண்டும் மீண்டும் வருதலின், எந்நூல் எவர் காலத்ததெனத் துணிவார் இடர்ப்படுதல் உண்டு. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரைப் புரந்த பெருந்தகையார், பிறந்த ஊரை அடையாக்கி மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் எனப்படுவது அம்மயக்கம் நீங்குதற்கே. ஆராய்ச்சியாளர்க்கு இது சிறிது தொல்லையே. எனினும், அத்தொல்லையைக் காரணமாகக் காட்டி மரபினர் பெயரை வேறுபடுத்தியிருத்தல் வேண்டும் என்பது, கணக்கெழுதுவான் எளிமைக்காகக் குடும்பத்தார் பெயரை மாற்றுக என்பது போலும்.

ஆகமவழித் தீக்கையிலோ, தெரிவென்பது வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளது. மாணாக்கன் கண்ணைத் துகிலாற் கட்டி, கையில் மலர் கொடுத்து, மண்டலத்தின்மேல் இடச்செய்வர். ஈசானம், தற்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்பனவற்றுள் எவ்விடத்து மலர் வீழ்ந்ததோ, அதுபற்றிச் 'சிவ' என்னும் ஈற்றோடு தீக்கைத் திருநாமம் இடப்படும். அகோரசிவர், ஈசானசிவர் முதலிய ஆசாரியர் பெயர்கள் இம்முறையை நினைப்பிப்பன. கண்கட்டப்பட்ட நிலையிற் பெறும் பெயரை, இது பிடித்தது, இது பிடித்திலது என்பார் யார்? பெயர் அவரவர் உடைமை, விரும்பியவாறு செய்க என்னும் முதற்கொள்கை இம்மலரொன்றாலேயே வீழ்ந்துபட்டமை காண்க.

இரண்டாங் கொள்கையாகிய மொழிபெயர்ப்புக்கு வருக. இதனை முற்றும் விலக்குவார்க்கும் ஒரு தடை உண்டு. மெய்கண்ட தேவர்க்கு இளமையில் இட்ட பெயர் சுவேதவனப்பெருமாள். பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் திருவெண்காட்டிறைவனை வேண்டிப் பெற்ற மகவாதலின் அத்தலத்திறைவன் பெயரே இடப்பட்டது. வெண்காடு என்பதன் வடமொழி வடிவே சுவேதவனம். அப்பிள்ளைக்கு மெய்யுணர்த்திய பரஞ்சோதி முனிவர் மெய்கண்டார் என்னும் பெயரை இட்டனர். அது பரஞ்சோதியாரின் குருவாகிய சத்தியஞானதரிசினிகள் திருப்பெயரின் தமிழாக்கமென்று ஆன்றோர் கூறுவர். ஆகவே சந்தானகுரவருள் முதல்வர் பெயரே மொழிபெயர்ப்பால் வந்த பெயர். பெயரைப் பெயர்த்தல் குற்றமென்று ஒரேயடியாகக் கூறுவார் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டவராவர்.

விடை யாதெனின், ஆங்குப் பெயர்க்கப்பட்டது குருவின் பெயர்; பெயர்த்தவர் அக்குருவின் மாணாக்கர்; பெற்றவர் அம்மாணாக்கரின் மாணாக்கர். கயிலையில் வழங்கிய பெயர் தமிழகத்தில் இறங்கியபோது தமிழாயிற்று. சுவேதவனப்பெருமாள் என்பதன் பொருளைப் பெயர்த்திருப்பின் வெண்காட்டுப்பெருமாள் என்றன்றோ ஆயிருக்கும்? முனிவர் அதனைச் செய்திலர். தந்தையார்வழி வந்த சார்பை நீக்கிக் குருவழிச் சார்பை அளித்தற்கே பெயர் மாறியது. மொழி மாறியது உடனிகழ்ச்சி.

இவ்வுரைகல்லில் மறைமலையடிகள் செய்கையை வைத்துப் பார்த்தல் வேண்டும். அடிகள் 1876-இல் நாகப்பட்டினத்திற் பிறந்தவர்; திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்றமையின் வேதாசலம் எனப் பெயரிடப்பெற்றவர். 1911-இல் துறவுபூண்டு சுவாமி வேதாசலம் எனப்பட்டார். 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டபோது வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. மறைமலையடிகள் என்னும் பெயர் எழுந்தது. ஞானசாகரம் என்னும் அவர்தம் திங்களிதழ் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. நூல்களின் முகப்பில் இரு பெயரும் ஒருங்கு நின்றதும் உண்டு. தமிழறிஞர்க்கு ஒரு வடிவும் பிறர்க்கு ஒரு வடிவும் அவர்க்கே வேண்டியிருந்தன போலும்.

மறைமலை என்னும் பெயர் தமிழுலகில் நிலைபெற்றுவிட்டது. அது நிலைத்ததற்குக் காரணம் சொற்றூய்மை மாத்திரமன்று. தேவாரத்தில் அத்தலத்திற்கு வழங்கும் தமிழ்ப்பெயர் கழுக்குன்றம். தூய தமிழே கருத்தாயின் அப்பழம்பெயரைத் தழுவியிருத்தல் வேண்டும். அடிகள் கொண்டதோ வேதகிரி என்னும் வடமொழிப்பெயரின் தமிழாக்கம். எனினும் மலை மலையாகவே நின்றது. வேதமே மலையாயிற்றென்னும் தலவரலாறும் பெயரினுட் கேட்கின்றது. பெற்றோர் வேண்டுதலும் அறவில்லை. சார்பு மாறாமையின் பெயரும் நிலைத்தது. அவர்தம் மைந்தர் தம் பெயர்முன் 'மறை' என வைத்து மறை. திருநாவுக்கரசு என எழுதியது, மொழிபெயர்த்த பெயரே ஒரு குடிக்கு முன்மொழியாயினமையைக் காட்டும்.

ஆனால் அடிகள் தம் மக்கட்கு முன்னரே இட்டிருந்த பெயர்களையும் அம்முறையே பெயர்த்தபோது ஞானசம்பந்தன் அறிவுத்தொடர்பன் ஆயிற்று. மாணிக்கவாசகம் மணிமொழி ஆயிற்று. இங்கேதான் பொருளே பெயரென்னும் கொள்கை தன் மெலிவைக் காட்டுகின்றது. ஞானம் என்பதற்கு அறிவு என்றும் சம்பந்தம் என்பதற்குத் தொடர்பு என்றும் அகராதியிற் கொள்ளலாம், ஒரு பிழையுமில்லை. ஆயினும் அறிவுத்தொடர்பன் எனக் கேட்டார் உள்ளத்தில் காழித்தோணியும், குளக்கரையும், பொற்கிண்ணமும், 'யார் தந்த பாலை உண்டாய்' என்று கோலோச்சிய சிவபாதவிருதயரும் தோன்றுவரோ? பாசஞானம், பசுஞானம், பதிஞானம் எனச் சித்தாந்தம் பிரித்துணர்த்தும் ஞானம் அறிவென்னும் பொதுச்சொல்லுள் அடங்குமோ? ஞானசம்பந்தன் என்பது இருசொற் புணர்ந்த ஒரு தொடர்மொழியன்று. ஒருவர்க்கு நிகழ்ந்த ஒன்றன் பெயர். அதனைத் தாங்குவோர் அவரைச் சார்ந்து நிற்பர். மொழிபெயர்த்த பெயரைத் தாங்குவோர் ஒரு கருத்தைச் சார்ந்து நிற்பர். கருத்தைச் சார்தலும் தாழ்வன்று. ஆனால் அது வேறு.

தமிழ்ப்பற்றிற் குறைந்தோர் கூறும் கூற்றென இதனை ஒதுக்குதலும் கூடாது. தமிழ்ஞானசம்பந்தன் எனக் கடைக்காப்பிற் கூறிக்கொண்டவர் அப்பிள்ளையாரே. தமிழ் என்னும் சொல்லைத் தம் பெயரின் தலைமேல் வைத்தவர், தலையின்கீழ் நின்ற ஞானசம்பந்தன் என்பதை மாற்ற நினைந்திலர். அடிகளின் தமிழ்த்தொண்டும் சைவத்தொண்டும் நன்றியோடு போற்றற்குரியன என்பதில் ஐயமில்லை. அவர் செய்தவற்றுள் எது நின்றது, எது நில்லாதொழிந்தது என வகுத்தறிதலும் அந்நன்றியின் பாற்பட்டதே.

அடிகட்கும் முன்னே இவ்வழியிற் சென்றவர் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார். 1870 முதல் 1903 வரை வாழ்ந்த அவர் தனிப்பாசுரத் தொகைக்குப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழ்ப்பெயர் புனைந்து கொண்டனர். ஏனை நூல்களிற் பெற்றோர் இட்ட பெயரே நின்றது. ஒரு நூற்கு இட்ட மேலாடையே இன்று அவர் திருமேனியாகக் கருதப்படுகின்றது. சாத்திரியார் எனின் அறியாதவரும் பரிதிமாற் கலைஞர் எனின் அறிவர். எவ்வடிவம் நிற்கும் என்பதை முடிவு செய்வோர் பெயருடையாரல்லர் என்பதற்கு இது சிறந்த சான்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகம் பிள்ளைக்கு 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அளித்த நாவலர் என்னும் பட்டம் பெயரையே விழுங்கி, நாவலர் என்ற அளவிலே அவரைக் குறிப்பதாயினமையும் அது. சேக்கிழார் பெருமானையும் அருண்மொழித்தேவர் என்று அழைப்பார் இன்று அரியர், குடிப்பெயரே நின்றது.

அரசினரும் இத்துறையிற் கைவைத்ததுண்டு. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் 1018-ஐத் தமிழ் ஒலிக்கு இயைய ஆங்கிலத்தில் எழுதுமாறு 2020-இல் வெளிவந்த ஆணை சில நாள்களுக்குள்ளே மீட்டுக்கொள்ளப்பட்டது. பெயரைத் தமிழில் எழுதுவோர் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுக என்பது 2021-இல் வந்த ஆணை. பின்னையது நன்றே, வகரத்தை 'வ' என்றெழுதப் புதுப்பட்டியார் என்றோ கற்றுக்கொண்டனர். எனினும் ஆணையால் எழுத்துத் திருந்துமேயன்றிச் சார்பு திருந்தாது. அது வீட்டிலும் கோயிலிலும் திருந்தற்பாலது.

இனிக் குறுக்கம் பற்றிச் சிறிது. ஆரூரன் ஊரன் என்றும், ஞானசம்பந்தன் சம்பந்தன் என்றும் குறுகியமை மேலே காட்டப்பட்டதாகலின், பெயரைக் குறுக்குதல் தானே குற்றமாகாது. சுந்தரமகாலிங்கத்தைத் தாய் சுந்தரம் என்றழைப்பது அன்பினாற் குறுக்கியது. மலைமேற் பெருமானை அவள் மறந்தாளல்லள். அயலார் நாவிற்கு இடர் என்றும், அலுவலகத்தில் நாணம் என்றும், பழமையென நகைப்பர் என்றும் அஞ்சிச் சிவநாமத்தை இரண்டு ஆங்கில எழுத்துக்களாக்கி, அவ்வெழுத்துக்கள் யாவற்றின் முதல் என்று தன் மக்களும் அறியாதபடி விடுவது வேறொரு குறுக்கம். இரண்டும் காகிதத்தில் ஒன்றுபோலத் தோன்றும். அதனால், பிறர் பெயர்வடிவை நோக்கி அவர் உள்ளத்தை அளக்கப் புகுதல் எவர்க்கும் ஆகாது. அளத்தற்குரியது தன் பெயரொன்றே.

எஞ்சி நிற்பது திருநாவுக்கரசு நாயனார் திறம். மருணீக்கியார் என்பது பெற்றோர் இட்டது. தருமசேனர் என்பது சமணர் இட்டது. நாவுக்கரசர் என்பது திருவதிகையில் இறைவர் அருளியது. அப்பர் என்பது காழிப்பிள்ளையார் அழைத்தது. இத்துணைப் பெயருடையார் தம் பதிகங்களிற் சம்பந்தரும் சுந்தரரும்போலப் பெயர்பொறித்து முடிக்கும் முறையைக் கொண்டிலர். அவர்தம் பதிகங்கள் பலவற்றின் இறுதியில் நிற்பது கயிலையின்கீழ் நெரிந்து பின் அருள்பெற்ற இராவணன் செய்தி. கையொப்பம் இடும் இடத்திற் செருக்கழிந்தவன் ஒருவனை நிறுத்தி அகல்வது அவர் வழக்கு.

அவர் திங்களூர் வழியாகச் செல்லுங்கால் ஒரு தண்ணீர்ப்பந்தரிலே தம் பெயர் எழுதப்பட்டிருத்தலைக் கண்டனர். அவ்வூர் அப்பூதியடிகள் தம் மைந்தர்க்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு எனப் பெயரிட்டதோடு, அளவைக்கும் நிறைகோலுக்கும் பசுவுக்கும் எருமைக்கும் அப்பெயரையே இட்டவர். அப்பெயர்க்குரியாரை அதுகாறும் கண்டறியாதவர். நாயனார் அவர் மனைக்குச் சென்று, நும் பெயரை எழுதாது பிறரொருவர் பெயரை எழுதியது யாது கருதி என வினவினர். அப்பூதியார் வெகுண்டார். பிறரொருவர் என்ற அச்சொல்லை அவர் பொறுத்திலர். இங்ஙனம் வினவும் நீவிர் யார் எனத் திருப்பிக் கேட்டனர்.

நான்கு பெயர் உடையவர், வந்திருப்பது இன்னாரென்று ஒரு சொல்லாற் கூறியிருத்தல் கூடும். கூறவேண்டிய பெயரும் பந்தரிலே எழுதப்பட்டிருந்தது. நாயனார் அதனைச் சொல்லிற்றிலர். புறச்சமயத் துறையினின்றும் ஏறும்படி இறைவர் சூலைநோய் தந்து ஆட்கொள்ளப்பெற்ற, உணர்வில்லாத சிறுமையேன் யான் என்ற அளவிலே அமைந்தனர். அப்பூதியார்க்கு அது போதுமானதாயிற்று. கைகள் தலைமேற் குவிய, கண்ணீர் பெருக, நிலத்தில் வீழ்ந்தனர். மனைவியாரும் மைந்தரும் சுற்றத்தாரும் உடன்வந்து வீழ்ந்தனர்.